மஞ்சள் துணியில் முடிந்த போன்

குடவாசலுக்குத் தெற்கே வாய்க்கால் ஓரமாகவே போனால் வருகிற ஊர்களில் ஒன்றில் ஞானாம்பாள் என்று ஒருத்தி இருக்கிறாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. புருஷன் குணசேகரன் குவைத்தில் ஒரு அரபி வீட்டுக்குக் கார் ஓட்டுகிறான். ஒரே மகள் அபிநயா கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இருப்பது கொழுந்தன் மனோகரன், அவன் பெண்டாட்டி ஆர்த்தி, இவள், ஆக மூன்று பேர். நிலம் நீச்சை மனோகரன் பார்த்துக்கொள்ள, அடுப்படியை ஓரகத்திகள் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஓரகத்திகள் என்றாலே முறைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைக்கிறவர்கள் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து ஆளுக்கொரு வாய் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டு. ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது. அந்தக் கண்தான் பட்டிருக்கும்.

இந்த ஞானாம்பாளுக்குப் போன் பைத்தியம் பிடித்திருந்தது. சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை, பைத்தியமேதான். காலையில் கண் விழித்ததும் கை தலையணைக்கு அடியில் போகும். வாசல் தெளிக்கப் போகிறவள் வாளியைப் பாதித் தெருவில் வைத்துவிட்டு நிற்பாள். சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். என்ன குழம்பு என்று கேட்டால் தட்டைக் குனிந்து பார்த்துத்தான் சொல்வாள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. மகள் லீவுக்கு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகையில், "அம்மா, அடுத்த தடவ நான் வராம வீடியோ கால் பண்றேன், அப்பவாச்சும் என் மூஞ்சியப் பாப்ப" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அதைக்கூடத் துடைத்துப் போட்டுவிட்டாள் ஞானாம்பாள்.

ஆனால் நாற்றங்காலைத் துடைத்துப் போட முடியவில்லை.

குறுவைக்கு மனோகரன் விதை விட்டிருந்தான். முளை கட்டிய விதையைச் சேற்றில் தூவினால் மறுநாள் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆனி மாத வெயிலில் நின்ற தண்ணீர் கொதிநீராகிவிடும். முளை வெந்து போகும். இது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மறுநாள் மனோகரன் உரம் வாங்கத் திருவாரூருக்குப் புறப்பட்டவன், "அண்ணி, வெயில் ஏறுறதுக்குள்ள மடையைத் திறந்து வடிச்சு விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் மண்வெட்டியோடு போனாள். போனவள் மோட்டார் கொட்டகை நிழலில் ரெண்டே நிமிஷம் என்று உட்கார்ந்தாள். எழுந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது, நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். மண்வெட்டியில் சேறுகூடப் படவில்லை.

நாற்றங்கால் முழுக்க அழுகிப்போனது. மனோகரன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவனோ கேட்டவர்களிடமெல்லாம், விதை சரியில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்பவும் சேறடித்தான். அன்றைக்கு ஞானாம்பாள் அடுப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என்னால விட முடியல ஆர்த்தி. கையே தானாப் போவுது. எனக்கு வெக்கமா இருக்கு."

வழி சொன்னது ஆர்த்திதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வீட்டில் உடம்புக்கு முடியாமல் போனால், மாடு காணாமல் போனால், வெளிநாட்டு விசா தள்ளிப்போனால், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைப்பார்கள். காரியம் நடந்தபின் குலதெய்வம் காத்தாயி கோயிலுக்குக் கொண்டுபோய்ச் செலுத்துகிறவரை அந்த முடிச்சை யாரும் தொடமாட்டார்கள். தூசி தட்டக்கூட நகர்த்தமாட்டார்கள்.

"காச முடியிற மாதிரி போனை முடிஞ்சு வச்சிருங்கக்கா. அறுவடை முடிஞ்சதும் எடுத்துக்கலாம். சாமிக்கு முடிஞ்சத உங்க கை தொடுமா?" என்றாள்.

தொடாது. அது ஞானாம்பாளுக்கே தெரியும். அன்றே துணியை மஞ்சளில் நனைத்துக் காய வைத்து, போனை அணைத்து, மூன்று முடிச்சுப் போட்டு மாடத்தில் வைத்தாள். குவைத்திலிருந்து வருகிற போன் இனி ஆர்த்தி போனுக்கு வரட்டும் என்று முடிவாயிற்று. அதனால் ஆர்த்தியின் போன் எப்போதும் பக்கத்திலேயே, அரிசி டின்மேல் சாய்ந்தபடி, எதிரே நிற்கும்.

முதல் நாட்களை நினைத்தால் பாவமாக இருக்கும். கை இடுப்புக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. சேலை மடிப்பைத் தடவிவிட்டுத் திரும்பும். தலைவலி வந்தது. எரிச்சல் வந்தது. பூனையை மிதித்தாள். ஆனால் கெட்டிக்காரி, பழக்கத்தை எங்கே பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்துக்கொண்டாள். படுக்கையை விட்டு எழுந்ததும் நேரே கொல்லைக்குப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். மாடு தலையை ஆட்டி வாளியைத் தள்ளுகிற அவசரத்தில் வேறெதுவும் நினைவுக்கு வராது. சொம்பு வைத்துச் சாப்பிட்ட இடத்தில் உட்காருவதை விட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுப் படிக்குப் போனாள். குழாயில் துவைத்ததை விட்டுவிட்டு வாய்க்காலுக்கு நடந்தாள், அங்கே நாலு பேர் இருப்பார்கள், பேச்சு இருக்கும். ரொம்பக் கஷ்டம் மத்தியான வேளைதான். அந்த நேரத்தில் உடம்பே துடிக்கும். அதற்கு அவள் பிடித்த உபாயம் புளி. சித்திரையில் வாங்கிப் போட்ட புளி மூட்டை கிடந்தது. மத்தியானமானால் அடுப்படியில் முறத்தைப் போட்டுக்கொண்டு கொட்டை எடுக்க உட்கார்ந்துவிடுவாள். புளி அப்பிய விரலோடு போனைத் தொட நினைத்தாலும் முடியாது. வீட்டுப் புளி தீர்ந்தது. பக்கத்து வீட்டுப் புளியை வாங்கிவந்து ஆய்ந்தாள். அடேயப்பா, அந்த வருஷம் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் கொட்டையோடு புளி கிடையாது.

புளி ஆய்கிற அந்த நேரத்தில்தான் ஒருநாள் ஆர்த்தி கேட்டாள்.

"அப்படி என்னதான்க்கா இருந்துச்சு அதுல? நிஜமாச் சொல்லுங்க."

ஞானாம்பாள் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் போனை விட்டபின் அவளுக்கு மனசு விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் ஆர்த்தி. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சேலத்துக்காரர் ஒருத்தர் மத்தியானம் சமைச்சுக்கிட்டே லைவ் வருவாரு. பாக்க வர்றவங்க பேரெல்லாம் படிப்பாரு. ஒருநாள் நானும் சும்மா வணக்கம்னு போட்டேன். 'ஞானாம்பாள் வந்திருக்காங்க. வாங்க ஞானாம்பாள், எவ்வளவு அழகான பேருங்க'ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு ஆர்த்தி. பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கையில கேட்ட பேரு. கல்யாணமாகி வந்ததுலேருந்து நான் குணசேகரன் பொண்டாட்டி, அபிநயா அம்மா, அண்ணி, அக்கா. உங்க மாமா 'இந்தா'ம்பாரு. குவைத்துலேருந்து பேசுறப்பவும் 'இந்தா, கேக்குதா'தான். அந்தச் சேலத்தாள் சமையலும் எனக்குப் பிடிக்காது, மூஞ்சியும் பிடிக்காது. என் பேரச் சொல்லுவாருன்னுதான் தினம் போய் உக்காந்தேன். அன்னிக்கு நாத்தங்கால் போனதும் அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு அழுதாள். புளிக்கை என்பதால் தோளால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடிந்தது. "இத யாருகிட்டயும் சொல்லிடாதடி. தப்பா நெனப்பாங்க."

"நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்" என்று ஆர்த்தி அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். ஞானாம்பாளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் மத்தியானத்தில் உடம்பு துடிப்பதும் நின்றுவிட்டது. போனை முடிந்து வைத்திருப்பதே சில நாள் மறந்துபோயிற்று. வாரம் ஒரு கடிதம் எழுதுகிற மாதிரி மகளோடு மனோகரனின் பழைய பட்டன் போனில் பேசினாள். மகள் சொன்னதையெல்லாம் முழுசாகக் கேட்டாள். "என்னம்மா, ஆளே மாறிட்ட" என்றாள் அபிநயா.

இரண்டாம் தடவை விட்ட நாற்று நன்றாக வந்தது. ஆடி பிறந்ததும் நடவு. ஆட்களுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு ஞானாம்பாள் வரப்பில் போனபோது, நடவு ஆட்களில் எழில்மொழி என்கிற பெண் நிமிர்ந்து, "வாங்க ஞானாம்பாள்" என்றாள். மற்றவர்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். வேறு ஒருத்தியாக இருந்தால் இதென்ன, எப்போதும் அக்கா என்று கூப்பிடுகிறவள் பேர் சொல்லுகிறாளே என்று தோன்றியிருக்கும். இவளுக்கோ மனசு குளிர்ந்துபோயிற்று. சிரித்துக்கொண்டே எழில்மொழிக்கு ரெண்டாவது டம்ளரும் ஊற்றினாள். பாவி மனுஷி, வீட்டுக்கு வந்து ஆர்த்தியிடம் அதைச் சந்தோஷமாகச் சொல்லவும் செய்தாள். ஆர்த்தி பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

ஆடிப்பெருக்குக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க அந்த வாரமே குடவாசலுக்குப் போனாள். தையல்கடை பர்வின் அவளுக்குப் பல வருஷப் பழக்கம். வெள்ளை மனசு, வாயில் எதுவும் நிற்காது. அளவு எடுத்துக்கொண்டே பர்வின் சொன்னாள்.

"உங்க வீடியோவ எங்க வீட்டுல எல்லாரும் பாக்குறோம்க்கா. அந்தப் புளி வேல நல்ல யோசன. எங்க மருமவகூட மத்தியானம் பூண்டு உரிக்க உக்காந்துடுது. அந்த அழுவுற வீடியோதான், பாத்துட்டு எனக்குத் தூக்கமே வரல."

"எந்த வீடியோ?"

பர்வினின் கையில் அளவு நாடா அப்படியே நின்றது. "உங்களுக்குத் தெரிஞ்சுதான் போடறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக. காட்டமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். ஞானாம்பாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வேறு வழியில்லாமல் பர்வின் தன் போனை எடுத்துத் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

'அக்கா போனை விட்ட கதை' என்று தலைப்பு. ஒன்றன்கீழ் ஒன்றாக எத்தனையோ. அக்கா இடுப்பைத் தடவுகிறாள், அதற்கு ஒரு சிரிப்புச் சத்தம். அக்கா பூனையை மிதிக்கிறாள், அதற்கு ஒரு பாட்டு. அக்கா மாட்டோடு பேசுகிறாள். அக்கா பின்கட்டுப் படியில் தட்டோடு. எல்லாவற்றையும்விட அதிகமாக, லட்சக்கணக்கில் ஜனங்கள் பார்த்தது புளி முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவள் அழுதது. முழுசாக இருந்தது. உங்க மாமா இந்தாம்பாரு என்றது இருந்தது. யாருகிட்டயும் சொல்லிடாதடி என்று கெஞ்சியதுகூட இருந்தது. அதைக்கூட வெட்டி எடுக்கவில்லை. கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். பாவம் என்று பலர். புருஷன் பாலைவனத்துல, பொண்டாட்டி லைவுல என்று ஒருவன். அதற்கும் இதயம் போட்டு ஐந்நூறு பேர்.

ஞானாம்பாள் அதைப் படித்தபோது கலங்கவில்லை. அவள் கண் வேறொன்றில் நின்றுவிட்டது. வீடியோவில் அவள் அழ ஆரம்பித்ததும் படம் ஒரு பக்கம் சரிகிறது. ஆர்த்தியின் கை வருகிறது. சரிந்ததை நேராக்குகிறது. ஞானாம்பாளின் முகம் நடுவில் வருகிறதா என்று ஒரு நொடி நின்று பார்க்கிறது. அதற்கப்புறம்தான் ஆர்த்தி நகர்ந்து வந்து அவளைக் கட்டிக்கொள்கிறாள்.

"இன்னொரு தடவ போடு பர்வின்" என்றாள். பார்த்தாள். துணியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

வீட்டில் ஆர்த்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞானாம்பாள் கத்தவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே ஆர்த்திக்குத் தெரிந்துபோயிற்று.

"அக்கா, நானே சொல்லணும்னு இருந்தேன். முதல்ல விளையாட்டாத்தான் போட்டேன். அப்புறம் எவ்வளவு பேரு உங்களப் பாத்து போனை விட்டதா எழுதறாங்க தெரியுமா. உங்களால எத்தன குடும்பம் நல்லாருக்கு. நல்லதுக்குத்தானேக்கா."

போனை விட்ட கதையைப் போனில் பார்த்துப் போனை விட்டார்களாம். இதைக் கேட்டு அந்தக் கீரைக்கட்டால் நாலு அடி அடித்திருந்தாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஞானாம்பாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்கு என்னக் கட்டிக்கிட்டு அழுதியே, அது எதுக்கு?"

"சத்தியமா நிஜமாத்தான்க்கா அழுதேன்."

"போனை நேரா வச்சுட்டுத்தான அழுத."

ஆர்த்தி கீரையைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இப்போது அழுவதும் நிஜமாகத்தான் இருக்கும். ஆனால் எது நிஜம், எது போனுக்கு என்று பிரித்துப் பார்க்க ஞானாம்பாளுக்கு இனி எப்படி முடியும்?

சாயங்காலம் வயலிலிருந்து வந்த மனோகரனைக் கேட்டாள். "தம்பி, உங்களுக்குத் தெரியுமா?" அவன் காலைக் கழுவிக்கொண்டே இருந்தான், சேறு போனபிறகும் கழுவினான். "எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க அண்ணி. நீங்க பாக்கமாட்டீங்கன்னு..." என்று இழுத்தான். அப்புறம் அவனுக்கே பொறுக்கவில்லை. "அந்த முடிச்ச அவுத்துடுங்க அண்ணி. நீங்களே ஒரு வீடியோ போட்டு, இதெல்லாம் எனக்குத் தெரியாமப் பண்ணதுன்னு பேசிடுங்க."

ஒரு கணம் அவளுக்கும் கை பரபரத்தது. மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்போல் ஆத்திரம். உறவுக்காரர்கள், கூடப் படித்தவர்கள், மகளின் ஹாஸ்டல் பிள்ளைகள். முடிச்சில் விரல் படுகிற தூரம்தான். ஆனால் அவிழ்த்தால் என்ன ஆகும்? அக்கா திரும்பவும் போனை எடுத்த கதை என்று ஊருக்கு இன்னொரு பாகம் கிடைக்கும். அவ்வளவுதான். கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நம்பினவளிடம் தோற்றாலும் போனிடம் தோற்பதாக இல்லை அவள்.

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. ஆர்த்தி போன் வேண்டாம் என்றாகிவிட்டதால் மனோகரன் போனில் குணசேகரன் வந்தான். அவள்தான் முதலில் பேசினாள்.

"அந்த வீடியோவ நீங்க பாத்தீங்களா?"

"இங்க ரூம்ல இருக்கிற எல்லாப் பயலும் பாத்தான். போன மாசமே பாத்தாச்சு."

போன மாசமே. அதற்கப்புறம் எத்தனை தடவை பேசியிருக்கிறான். மோட்டாரை ரிப்பேர் பண்ணியாச்சா, மழை உண்டா, இந்தா கேக்குதா. அத்தனை தடவையும் தெரிந்துகொண்டே பேசியிருக்கிறான்.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்லச் சொல்ற? பேரு பேருன்னு அழுதியே, இப்ப ஊரே உன் பேரச் சொல்லுது. போதுமா?"

"ஊரு சொல்லி என்னங்க பண்றது" என்றாள் ஞானாம்பாள். "நீங்க சொல்லலியே."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்ப்பது கேட்டது. வெளியே போகணும், அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டான்.

ஆர்த்தி எல்லா வீடியோவையும் அழித்துவிட்டாள். அழித்து என்ன, மற்றவர்கள் எடுத்து வைத்துக்கொண்டது எடுத்ததுதான். அவளும் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞானாம்பாள் அவளோடு சண்டை போடவும் இல்லை, சமையலைப் பிரிக்கவும் இல்லை. பேசுவதைத்தான் நிறுத்திக்கொண்டாள். வேலைக்கு வேண்டியதைச் சொல்வாள், அத்தோடு சரி. முன்னாலெல்லாம் வீட்டில் பேச ஆளில்லாதபோது போனாவது இருந்தது. அதை விட்டபோது ஆர்த்தி இருந்தாள். இப்போது இரண்டும் இல்லை. வாய்க்காலுக்குப் போனாலும் பேசுகிறவர்கள் சட்டென்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆடிப்பெருக்கு கழிந்த ஒரு மத்தியானம். ஞானாம்பாள் பின்கட்டுப் படியில் தட்டோடு உட்கார்ந்தாள். ஆர்த்தியும் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் தயங்கி, கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் வெறுமையாக விரித்துக் காட்டினாள்.

"போனை உள்ள வச்சுப் பூட்டிட்டேன்க்கா. இனிமே நீங்க இருக்கிற இடத்துக்கு எடுத்துக்கிட்டு வரமாட்டேன்."

ஞானாம்பாள் சோற்றில் கை வைக்காமல் அவளையே பார்த்தாள். அவளுடைய முந்தானையைப் பார்த்தாள், பின்னால் ஜன்னலைப் பார்த்தாள், மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

"எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

"வேணாம்க்கா."

"எடுத்துக்கிட்டு வந்து இங்க கவுத்து வை. அது எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் என்னால உன் முன்னாடி சாப்பிட முடியும்."

ஆர்த்தி உள்ளே போய் எடுத்துவந்து, இருவருக்கும் நடுவில் படியின்மேல் கவிழ்த்து வைத்தாள். ஞானாம்பாள் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு சோற்றைப் பிசைந்தாள். சாப்பிட்டு முடிக்கிறவரை, குழம்புக்கு உப்புப் போதுமா என்று ஆர்த்தி கேட்டதற்குப் போதும் என்று சொன்னதைத் தவிர, அவள் வேறு எதுவும் பேசவில்லை.